கலவையை மாற்றுமுன் இடைமுகத்தை அளந்து பாருங்கள்

பெரோவ்ஸ்கைட் சோலார் செல் ஆய்வுக் குழுக்களின் நெறியாளர்களுக்கு,

வணக்கம். 2009-இல் 3.8 சதவீதச் செயல்திறனில் தொடங்கிய இந்த செல், இன்று 26 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. அண்மைய ஏற்றத்தில் பெரும்பங்கு பெரோவ்ஸ்கைட் படலத்தின் (ஒளியை உறிஞ்சும் படிக அடுக்கின்) மேலும் கீழும் அடுத்த அடுக்கைத் தொடும் பரப்புகளை, அதாவது இடைமுகங்களை, செப்பனிட்டதால் வந்தது. ஆனாலும் வோல்டேஜ் குறைந்தால் மாணவரிடம் நாம் முதலில் சொல்வது, "கலவை விகிதத்தை மாற்றிப் பார்" என்பதுதான். அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டுகிறோம்.

1.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளிக்கு (படலம் ஒளியை உறிஞ்சத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலுக்கு) வோல்டேஜின் கோட்பாட்டு உச்சம் சுமார் 1.32 வோல்ட். உங்கள் செல் 1.08 தருகிறது என்றால், மீதி 240 மில்லிவோல்ட் எந்தப் பரப்பில் தொலைந்தது என்று ஜே-வி வளைவு (மின்னோட்டம்-வோல்டேஜ் வரைபடம்) சொல்லாது. மூன்று துண்டுகள் செய்யுங்கள்: ஒன்று, வெறும் கண்ணாடி மேல் பெரோவ்ஸ்கைட்; இரண்டு, ஐடிஓ (ஒளி ஊடுருவும் மின்முனை), அதன் மேல் 2-பாக்ஸ் (2PACz, மின்துளைகளைக் கடத்தும் ஒற்றை மூலக்கூறு அடுக்கு), அதன் மேல் பெரோவ்ஸ்கைட்; மூன்று, கண்ணாடி மேல் பெரோவ்ஸ்கைட், அதன் மேல் சி60 (எலக்ட்ரான்களைக் கடத்தும் கார்பன் மூலக்கூறு அடுக்கு). ஒரு சூரியனுக்கு ஈடான லேசர் ஒளியில் மூன்றும் திருப்பி உமிழும் ஒளியை, அதாவது ஒளிர்வை, அளந்து பாருங்கள். ஒளிர்வு விளைச்சல் (உறிஞ்சிய ஒளியில் திரும்ப உமிழும் பங்கு) பத்தில் ஒன்றாகக் குறையும்போதெல்லாம் ஏறத்தாழ 60 மில்லிவோல்ட் போகிறது. பெரும்பாலும் சி60 தொட்ட இடத்தில்தான் அது சரியும். அங்கே சரிகிறதென்றால் கலவையை மாற்றிப் பயனில்லை.

அந்தப் பரப்புக்கு 1 நானோமீட்டர் லித்தியம் ஃபுளூரைடு போதும். அல்லது புரோப்பேன் டைஅம்மோனியம் அயோடைடை ஐசோபுரோப்பனாலில் மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை கரைத்து, தட்டு சுழலும்போதே விட்டு, 100 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கலாம். நின்ற தட்டில் விட்டால் ஐசோபுரோப்பனால் பரப்பிலுள்ள அமீன் உப்பைக் கரைத்து ஈய அயோடைடை மிச்சம் வைக்கும். உப்பு கூடினால் மின்காப்புப் படலம் தடித்து, வளைவு எஸ் வடிவில் நெளிந்து, ஃபில் ஃபேக்டர் (வளைவு எவ்வளவு சதுரமாக உள்ளது என்ற அளவு) விழும்.

கீழ்ப்பரப்புக்கு: ஐடிஓவுக்கு 15 நிமிடம் யூவி ஓசோன்; ஆறவிடாமல் உடனே எத்தனாலில் 1 மில்லிமோலார் 2-பாக்ஸ், நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் 30 நொடி, 100 டிகிரியில் 10 நிமிடம். 2-பாக்ஸுக்குப் பதில் அதே வகையான மீ-4-பாக்ஸ் (Me-4PACz) என்றால் கவனம். பெரோவ்ஸ்கைட் கரைசல் தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு ஓரங்களிலிருந்து விலகும். சூடாக்கியபின் தட்டை விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளைகள் மின்னும். செல் ஷார்ட் ஆவது அங்கேதான். பெரோவ்ஸ்கைட்டுக்கு முன் அலுமினா நானோதுகளைப் பூசினால் கரைசல் ஒட்டிப் பரவும்.

ஒரு நல்ல செல்லைக் காட்டினால் போதாது. வோல்டேஜை ஏற்றியும் இறக்கியும் எடுத்த இரு திசை ஸ்கேனும், உச்சத் திறன் புள்ளியில் 5 நிமிட வெளியீடும், அந்த மூன்று துண்டுகளின் ஒளிர்வும் இல்லாத ஆய்வேட்டில் கையெழுத்திடாதீர்கள்.

இப்படிக்கு,
இத்துறையில் வேலை செய்பவர்கள்