சிலந்தி கடித்தவர் மியூட்டன்ட் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பிதழில் சூப்பர் ஹீரோக்கள் பற்றிய சிறப்புக் கட்டுரையைப் படித்தேன். எழுதியவருக்குக் காமிக்ஸ் மேல் இருக்கும் பிரியம் வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் ஸ்பைடர்மேன், ஹல்க், எக்ஸ்மென் எல்லோரையும் மொத்தமாக 'மியூட்டன்ட்கள்' (ஜீனில் மாற்றம் ஏற்பட்டவர்கள்) என்று சொன்னதும், கூடவே வந்த பெட்டிச் செய்தியில் ஹிரோஷிமாவை இழுத்ததும் சரியில்லை. பள்ளியில் விலங்கியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். இதைப் பார்த்துவிட்டுக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

முதலில் காமிக்ஸ் வாசகர்களே உங்களைச் சண்டைக்கு இழுப்பார்கள். ஸ்பைடர்மேனைக் கதிரியக்கம் ஏறிய சிலந்தி கடித்தது. ஹல்க்குக்குக் காமா குண்டு. இருவரும் 1962-இல் வந்தவர்கள். சாதாரணமாகப் பிறந்து வளர்ந்து நடுவில் விபத்தில் சிக்கியவர்கள். எக்ஸ்மென் 1963-இல் வந்தார்கள். அவர்கள் பிறவியிலேயே அப்படி. பதின்ம வயதில் சக்தி வெளிப்படும். இவர்களை வெளியிட்ட மார்வெல் நிறுவனத்தின் கதைகளில் மியூட்டன்ட் என்ற பட்டம் இந்தப் பிறவிக்காரர்களுக்கு மட்டும்தான். இதற்குக் காரணம் அறிவியல் அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஹீரோவுக்கும் புதுசு புதுசாக ஒரு விபத்தை யோசித்து அலுத்துப்போய், 'பிறக்கும்போதே வந்துவிட்டது' என்று முடித்துக்கொண்டதாக இந்தக் கதைகளை எழுதிய ஸ்டான் லீயே சொல்லியிருக்கிறார். இதழுக்கு 'தி மியூட்டன்ட்ஸ்' என்றுதான் பெயர் வைக்க நினைத்தாராம். பையன்களுக்கு அந்த வார்த்தை புரியாது என்று பதிப்பாளர் மறுத்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், சோம்பலில் எடுத்த அந்த முடிவுதான் உயிரியலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறது. வளர்ந்த மனித உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. கதிர்வீச்சு ஒரு செல்லில் ஓரிடத்தையும் இன்னொன்றில் வேறோர் இடத்தையும் தாக்கும். அடிபட்ட செல் தன்னைச் சரிசெய்துகொள்ளும், இல்லையென்றால் சாகும். சில வருஷம் கழித்துப் புற்றுநோயாக வந்து நிற்பதும் உண்டு. அத்தனை செல்லிலும் ஒரே மாற்றம் ஒரே நாளில் வந்து ஆள் சுவர் ஏறுவது நடக்காத கதை. ஒரே மாற்றம் உடம்பு முழுக்க இருக்க வேண்டுமென்றால் அது தாயின் கருமுட்டையிலோ தந்தையின் விந்தணுவிலோ, மிஞ்சிப்போனால் கரு உருவான அந்த முதல் கட்டத்திலோ வந்திருக்க வேண்டும். பழ ஈக்கள் மேல் எக்ஸ் கதிர் பாய்ச்சி மியூட்டேஷனை, அதாவது ஜீனில் மாற்றத்தை, உண்டாக்கலாம் என்று 1927-இல் காட்டியவர் ஹெர்மன் முல்லர். அதற்காக 1946-இல் நோபல் பரிசும் வாங்கினார். கதிர் பட்ட ஈ எதுவும் ராட்சத ஈ ஆகிவிடவில்லை. அவர் எண்ணிப் பார்த்தது அந்த ஈக்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும். அவற்றிலும் அவர் கண்ட மாற்றங்களில் பெரும்பகுதி, உயிரை வளரவே விடாத மாற்றங்கள்.

ஆய்வுக்கூடத்தில் மியூட்டன்ட் என்பது ஒப்பிட்டுச் சொல்வதுதான். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் 1910-இல் ஒரு வெள்ளைக்கண் ஆண் ஈயைக் கண்டார். மற்ற ஈக்களுக்கெல்லாம் சிவப்புக் கண். பரவலாக இருப்பது 'காட்டு வகை', இது மியூட்டன்ட். அதற்கு விசேஷ சக்தி எதுவும் கிடையாது. சொல்லப்போனால் பார்வையே மந்தம். (அந்த ஜீனுக்குப் பெயர் 'வெள்ளை'. ஒழுங்காக வேலை செய்தால் கண்ணைச் சிவப்பாக்கும் ஜீனுக்கு வெள்ளை என்று பெயர்! இதை மாணவர்களுக்குப் புரியவைப்பதற்குள் மணி அடித்துவிடும்.) அந்த ஒற்றை ஈதான் ஜீன்கள் செல்லுக்குள் உள்ள இழைகளான குரோமோசோம்களில் இருக்கின்றன என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சியாக அமைந்தது.

கட்டுரையில் 'பரிணாமத்தின் அடுத்த பாய்ச்சல்' என்று ஒரு வரி வருகிறது. படங்களும் இதைத்தான் சொல்கின்றன. இது எங்கிருந்து வந்தது தெரியுமா? நெதர்லாந்துக்காரரான ஹூகோ டி வ்ரீஸ் 1886-இல் ஹில்வெர்சும் என்ற ஊருக்குப் பக்கத்தில், யாரும் பயிர் செய்யாமல் விட்டிருந்த உருளைக்கிழங்கு வயலில், மாலையில் மலரும் ஈவ்னிங் பிரிம்ரோஸ் செடிகளைப் பார்த்தார். சில செடிகள் கூட்டத்தோடு ஒட்டாமல் தனியாகத் தெரிந்தன. விதை எடுத்து வளர்த்துப் பார்த்தால் ஒரே தலைமுறையில் புதுப்புது வடிவங்கள். 1901-இல் அவர் வெளியிட்ட மியூட்டேஷன் கொள்கை சொன்னது இதைத்தான்: புதிய இனம் ஒரே தாவலில் பிறக்கும். பின்னால் வந்தவர்கள் தோண்டிப் பார்த்தபோது, அவர் கண்டவற்றில் பலவும் அந்தச் செடிக்கே உரிய குரோமோசோம் குளறுபடிகள் என்று தெரிந்தது. ஒரு வகையில் குரோமோசோம்கள் அப்படியே இரட்டித்திருந்தன. சின்னச் சின்ன மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்வதுதான் பரிணாமத்தின் வழக்கமான பாதை என்று உயிரியல் நகர்ந்துவிட்டது. சினிமா மட்டும் இன்னும் அந்த உருளைக்கிழங்கு வயலிலேயே நிற்கிறது.

நிஜத்தில் அசாதாரணத் திறன் தந்த மியூட்டேஷன் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிரான்டா 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் இரண்டு தங்கம் வென்றார். அவர் ரத்தத்தில் சிவப்பணு அளவுக்கு மீறி இருந்ததால், ஏதோ ஏற்றிக்கொள்கிறார் என்று சந்தேகம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று 1993-இல் தெரியவந்தது. அந்த ஏற்பியின் வால் பகுதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது, பிரேக் இல்லாமல் சிவப்பணு பெருகியது. குடும்பத்தில் பலருக்கும் அதே மாற்றம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஒலிம்பிக் மேடை ஏறியதில்லை. பயிற்சியையும் ஜீனே செய்துவிடும் என்றால் வேறு விஷயம்.

அப்புறம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அப்பா அம்மாவிடம் இல்லாத புதிய மாற்றங்கள் ஏறத்தாழ 60, 70 இருக்கின்றன. அப்பாவுக்கு வயது ஏற ஏற எண்ணிக்கை கூடும். பெரும்பாலானவை நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. ஆக, அந்தக் கட்டுரையை எழுதியவரும் நானும் நீங்களும் மியூட்டன்ட்கள்தான்.

நம் சாப்பாட்டில் மியூட்டன்ட்கள் இன்னும் அதிகம். நம் விவசாயிகள் 1960-களின் கடைசியில் போட்டி போட்டு நட்ட ஐ.ஆர். 8 நெல் குட்டையாக நின்றதற்கு, தைவானின் ஒரு பழைய நெல் ரகத்தில் இயற்கையாகவே பழுதான ஜீன் காரணம். உயரத்தைக் கூட்டும் ஹார்மோன் குறைந்தது. அதனால் உரம் போட்டாலும் பயிர் சாயவில்லை. மெக்சிகோவிலிருந்து வந்த சொனோரா 64 கோதுமை சிவப்பாக இருக்கிறது என்று வடக்கே சப்பாத்திக்காரர்கள் முகம் சுளித்தபோது, எம்.எஸ். சுவாமிநாதன் குழு டெல்லியில் விதைமேல் காமா கதிர் செலுத்தி, பொன்னிற மணியுள்ள ஷர்பதி சொனோராவை எடுத்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ட்ராம்பே நிலக்கடலை ரகங்களும் இதே வழியில் தொடங்கியவைதான். திண்டிவனம் பக்கம் கடலை போடுகிறவர்களிடம் 'மியூட்டன்ட் கடலை' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். விதையில் கதிரியக்கம் தங்குவதில்லை. கதிர் பட்ட ஆயிரக்கணக்கான செடிகளில் உருப்படாதவற்றையெல்லாம் களைந்து, ஒன்றிரண்டைத் தேர்ந்து, பல பருவம் வளர்த்துப் பார்த்துத்தான் ரகமாக்குகிறார்கள்.

இவ்வளவும் சும்மா தகவல் பிழை என்றால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். 2021 மார்ச்சில் கொரோனா பற்றி 'இரட்டை உருமாற்ற (டபுள் மியூட்டன்ட்) வைரஸ்' என்று தலைப்புகள் வந்தபோது, இரட்டை என்பதாலேயே இரண்டு மடங்கு கொடியது என்று பயந்தவர்களை நான் பார்த்தேன். அந்த வைரஸில் இருந்தது இரண்டு மாற்றம் மட்டும் இல்லை, பத்துக்கும் மேல். அதன் ஒரு கிளை, பின்னால் டெல்டா என்று பெயர் பெற்றது, நிஜமாகவே கொடியதாக இருந்தது. ஆனால் அந்தக் கொடுமைக்கும் 'இரட்டை' என்ற எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

ஹிரோஷிமா விஷயம் இதைவிடக் கனமானது. 'அணுகுண்டுக்குப் பின் அங்கே மியூட்டன்ட் குழந்தைகள் பிறந்தன' என்று உங்கள் பெட்டிச் செய்தி சொல்கிறது. குண்டில் தப்பியவர்களிடையே ரத்தப் புற்றும் பிற புற்றுநோய்களும் கூடியது உண்மை. குண்டு விழுந்தபோது தாய் வயிற்றில் இருந்த குழந்தைகளில் சிலர் சிறிய தலையோடும் மூளை வளர்ச்சிக் குறையோடும் பிறந்ததும் உண்மை. அது வளர்ந்துகொண்டிருந்த கருவுக்கு நேரடியாக ஏற்பட்ட சேதம், பரம்பரையில் வந்த மியூட்டேஷன் இல்லை. தப்பியவர்களுக்குப் பிற்பாடு பிறந்த குழந்தைகளைத்தான் 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஜேம்ஸ் நீல், வில்லியம் ஷல் போன்றவர்கள் பல்லாயிரக்கணக்கில் பரிசோதித்தார்கள். மற்ற குழந்தைகளைவிடப் பிறவிக் குறைகள் அதிகம் என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் 'அந்த ஊர்ப் பெண்ணா, பிள்ளை எப்படிப் பிறக்குமோ' என்று சொல்லிக் கல்யாணப் பேச்சுகள் முறிந்தன. ஊர்ப் பெயரை மறைத்து வாழ்ந்தவர்கள் உண்டு. அந்தச் சந்தேகத்தை எழுபது, எண்பது வருஷம் கழித்துத் தமிழில் நாம் புதுப்பிக்க வேண்டாமே.

ஸ்பைடர்மேனை விட்டுவிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பெட்டிச் செய்தியில் உள்ள அந்த ஹிரோஷிமா வரிக்கு மட்டும் அடுத்த இதழில், அதே பக்கத்தில், திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திண்டிவனம்.