மலைச்சரிவில் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு, காட்டில் கட்டிய கொடிகளைத் தேடி ஓடும் ஓரியன்டியரிங் விளையாட்டுக்கான எங்கள் மன்றத்தின் இலையுதிர்காலச் சந்திப்பு நல்லபடியாக நிறைவடைந்தது. காட்டுக்குள் போன அத்தனை பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். கட்டிய கொடிகளில் ஒன்றுகூட அங்கே மிச்சமில்லை. இதற்காக உழைத்தவர்களில் பாதிப் பேரை ஓடியவர்கள் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

முதல் நன்றி நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு. இளங்கன்றுகள் நட்ட பகுதியையும் கால்நடை மேயும் சரிவையும் முன்கூட்டியே காட்டிக் கொடுத்தீர்கள். அதனால்தான் அவற்றை வரைபடத்தில் ஊதாக் கோடிட்டு, நுழையக் கூடாத இடங்களாகக் குறிக்க முடிந்தது. வேலியை எங்கே தாண்டலாம் என்றும் நீங்களே சொன்னதால் ஒரு கம்பிகூட வளையவில்லை.

வரைபடத்தைத் திருத்தியவருக்கு எப்படி நன்றி சொல்வது! 1:10,000 அளவில் ஒரு செ.மீ. என்பது தரையில் 100 மீட்டர். சம உயரக் கோடுகளுக்கு இடையே 5 மீட்டர். கோடையில் வரைந்த படம் இந்தப் பருவத்தில் அப்படியே உதவாது. சருகு விழுந்து ஒற்றையடிப் பாதைகள் மூடிவிடும். காற்றில் சாய்ந்த மரங்கள், படத்தில் வெள்ளையாகத் தெரியும் நல்ல ஓட்டக் காட்டை நடக்கக்கூட முடியாததாக்கிவிடும். அவர் அந்தப் பாதைகளை மறுபடி நடந்து பார்த்து, கண்ணுக்குச் சட்டென்று தெரியாதவற்றைத் தெளிவற்ற பாதைக்கான குறியீட்டுக்கு மாற்றினார். பாதையை நம்பிப் போய் நின்று தவிக்காமல் பலரும் சரிவின் வடிவத்தைப் படித்தே ஓடினார்கள் என்றால் அந்தத் திருத்தமே காரணம்.

தடம் அமைத்தவரின் பொறுமையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மலைப்பாங்கான இடத்தில் அதிகம் நடக்கும் பிழை, பக்கத்தில் உள்ள மேட்டை நம்முடைய மேடு என்று எண்ணி இறங்கிவிடுவது. ஒரே மாதிரி மூன்று மேடுகளும் நடுவே சரிவு உள்வாங்கிய இரண்டு மடிப்புகளும் இருந்தால், திசைகாட்டி பத்து பாகை விலகினாலே போதும். எல்லாம் படத்தோடு பொருந்துவது போலவே தோன்றும், கொடி மட்டும் இருக்காது. இந்தக் குழப்பத்தை முழுவதும் நீக்கினால் விளையாட்டே இல்லை. ஆகவே பெரியவர்களின் தடத்தில் அதை அப்படியே விட்டு, சிறுவர்களின் தடத்தில் மட்டும் ஓடையையும் சுவரையும் கைப்பிடி போல வைத்துத் தந்தார். சருகு நிரம்பிய சிறு குழிகளில் கன்ட்ரோல், அதாவது கொடி கட்டும் தேடல் புள்ளி, வைப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். படத்தில் குழி இருக்கும், தரையில் சமதளம்தான் தெரியும். பாறைகளையும் மடிப்பின் தலைப்பகுதியையும் தேர்ந்தெடுத்தது எவ்வளவு சரி! ஏற்றத்தையும் வரம்புக்குள் வைத்தார்: அறிவுக்கு உகந்த மிகக் குறுகிய வழியின் நீளத்தில் 4 சதவீதத்துக்கு மேல் போகவில்லை. 5 கி.மீ. தடத்துக்கு அது 200 மீட்டர்.

அவருக்குப் பின்னால், சரிபார்த்தவர். கொடி வர வேண்டிய இடத்தைக் காட்டும், எண் எழுதிய ரிப்பன் எந்தப் பாறையில் கட்டியிருக்கிறது என்று கேட்காமல், படத்தையும் திசைகாட்டியையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தானே தேடிப் போனார். செங்குத்தான மடிப்புகளில் ஜிபிஎஸ் அளவு பல மீட்டர் விலகக்கூடும் என்பதால், சந்தேகம் வந்த இடங்களில் தெளிவாகத் தெரியும் இரண்டு புள்ளிகளிலிருந்து அடி எண்ணி வந்து உறுதி செய்தார். கொடி தப்பான பாறையில் தொங்கினால் அந்தத் தடத்தின் முடிவுகள் முழுவதும் செல்லாமல் போகலாம். இந்தச் சந்திப்பில் அப்படி ஒரு புகார்கூட வரவில்லை.

விடியற்காலையில் கொடி கட்டப் போனவர்களே, உங்களுக்கும் நன்றி. ஒவ்வொரு பக்கமும் 30 செ.மீ. சதுரமான, வெள்ளையும் ஆரஞ்சும் கொண்ட முப்பட்டைக் கொடி. இலை உதிர்ந்த காட்டில் அது வெகு தூரத்திலிருந்தே கண்ணில் படும். நீங்கள் அதைப் பாறையின் சரியான பக்கத்தில், கொடி எங்கே இருக்கும் என்று ஓடுபவர்களுக்குச் சொல்லும் விவரத்தாளில் உள்ளபடியே கட்டினீர்கள். ஓடுபவர் வந்ததை அவரது கார்டில் பதியும் மின்னணுப் பெட்டி வேலை செய்யாவிட்டால், படத்தின் ஓரத்தில் அடையாளத் துளை குத்திக்கொள்ள ஊசித் துளைப்பானையும் ஒவ்வொரு கம்பத்திலும் மறக்காமல் தொங்கவிட்டீர்கள்.

தொடக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவரின் கார்டையும் அழித்து, அழிந்ததா என்று சோதித்த பிறகே உள்ளே விட்டார்கள். பழைய ஓட்டத்தின் பதிவு கார்டில் தங்கிவிட்டால் முடிவுகளில் குளறுபடி வரும். அதைவிட முக்கியம், காட்டுக்குள் யார் போனார்கள் என்ற கணக்கு அங்கேதான் ஆரம்பமாகிறது. அந்தக் கணக்கை இறுதியில் ஒப்பிட்டது, ஓடி முடித்தவர்களின் கார்டைப் படிக்கும் பதிவிறக்க மேசை. பாதியில் விட்டவர்களும் நேரே வீட்டுக்குப் போய்விடாமல் அங்கே வந்து சொன்னீர்கள். மனமார்ந்த நன்றி! ஒருவர் சொல்லாமல் போனால், இருட்டில் ஒரு குழுவே மலையேற வேண்டியிருக்கும். இந்தப் பருவத்தில் பொழுதும் சீக்கிரமே சாய்ந்துவிடுகிறது.

ஈரச் சருகுக்கு அடியில் கல் இருந்தால் கணுக்கால் பிசகும். முதலுதவிக் குழு கட்டுத்துணியோடு வெப்பப் போர்வையையும் தயாராக வைத்திருந்தது. வியர்த்த உடம்பு ஓட்டம் நின்றதும் வேகமாகக் குளிர்ந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். நிமிடத்துக்கு ஆறு ஊதல், பின் ஒரு நிமிட இடைவெளி என்ற விசில் குறிப்பைச் சிறுவர்களுக்கெல்லாம் உட்கார வைத்துச் சொல்லித் தந்தவர்களும் அவர்களே.

கடைசியாக, எல்லோரும் கிளம்பிய பிறகு தலைவிளக்குடன் தொலைவிலிருந்த கன்ட்ரோலில் தொடங்கிக் கொடி அவிழ்த்து வந்தவர்கள். நனைந்த கொடிகளை மடித்து மூட்டை கட்டாமல், ஒவ்வொன்றையும் விரித்துக் கயிற்றில் காயப்போட்ட பிறகே நீங்கள் வீடு திரும்பினீர்கள். பூஞ்சை பிடிக்காத அந்தக் கொடிகள் அடுத்த ஓட்டத்துக்கு எண் வரிசையில் தயாராக இருக்கின்றன.

வாடகைக்கு வாங்கிய கார்டு யாருடைய பையிலாவது தங்கியிருந்தால், அடுத்த பயிற்சி நாளில் கொண்டுவந்து தந்துவிடுங்கள்.

நன்றியுடன்,
அமைப்புக் குழு