பழைய கார் ஆர்வலர் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி, இவ்வாண்டின் தொழில்நுட்பக் கூட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே வண்டிக்கு ஒதுக்கினோம்: ஆடி ஆர்எஸ்2 அவான்ட். ஆடி 80 ஸ்டேஷன் வேகனை போர்ஷேயுடன் சேர்ந்து உருமாற்றிய வண்டி இது. 1994, 1995 இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 2,900 வண்டிகள் வந்தன. ஆடியின் ஊரான இங்கோல்ஸ்டாட்டிலிருந்து வண்டியின் பாடி வந்தது. போர்ஷேயின் ஆலை உள்ள ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹாசனில், முன்பு மெர்சிடிஸ் 500 இ கார்களை ஒன்றுசேர்த்த கூடத்தில் மீதி வேலை நடந்தது.

எஞ்சின், ஆடியின் எஸ்2 காரில் இருந்த அதே 2,226 சிசி, ஐந்து சிலிண்டர், 20 வால்வு. அதில் 230 குதிரைத்திறன், இதில் 315. கொள்ளளவைத் தொடாமல் மூச்சை மட்டும் பெரிதாக்கினார்கள்: பெரிய கேகேகே நிறுவன டர்போ (புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்துவது), அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர், கூடுதல் பெட்ரோல் பாய்ச்சும் இன்ஜெக்டர், வால்வைத் திறக்கும் புதிய கேம்ஷாஃப்ட். பெரிய டர்போவுக்குச் சுழல நேரம் பிடிக்கும். 410 நியூட்டன் மீட்டர் இழுவை 3,000 ஆர்பிஎம்மில்தான் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) முழுசாக வரும். அதற்குக் கீழே, காய்கறி வாங்கப் போகிற சாதுவான வண்டிதான். ஆறு கியர் கொடுத்தது கூட ஆர்பிஎம் ஊசியை அந்த எல்லைக்கு மேலேயே நிறுத்தத்தான்.

மணிக்கு நூறு கி.மீ. வேகம் 5.4 விநாடியில், உச்சம் 262 கி.மீ. ஆனால் கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டது நின்ற இடத்திலிருந்து மணிக்கு 48 கி.மீ. (30 மைல்) வேகத்தை எட்டும் நேரம்தான். பிரிட்டிஷ் இதழ்ச் சோதனையில் 1.5 விநாடி, அதாவது மெக்லாரன் எஃப்1 என்ற அதிவேகச் சாலைக் காரையே முந்தியது. ஆர்எஸ்2-வில் நான்கு சக்கரமும் இழுப்பதால் டயர் சும்மா சுற்றி வீணாவதில்லை. மெக்லாரன் போலப் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிக்கு அந்த வசதி கிடையாது. பிரேக்கும் 17 அங்குல வீலும் போர்ஷே சரக்கு.

பழுது என்றால் முதல் சந்தேகம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் வார்ப்புக் குழாய்) மேல்தான். டர்போவின் எடை அதில் தொங்குகிறது, வெப்பமும் அங்கேதான் தேங்குகிறது. ஆகவே வார்ப்பு விரிசல் விடும், அதை எஞ்சினோடு இறுக்கும் ஸ்டட் முறியும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் அடங்கினால் கசிவுதான். இடையில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. மேனிஃபோல்டைக் கழற்றி, எஞ்சினோடு ஒட்டும் முகத்தை நேர்க்கோலில் வைத்துப் பாருங்கள்; வளைந்திருந்தால் சமன் செய்து, ஸ்டட் அனைத்தையும் புதிதாகப் போடுங்கள். இழுவை குறைந்தால் டர்போவைக் குறை சொல்லுமுன் ரப்பர் குழாய்களையும் பைபாஸ் வால்வின் (டர்போவின் மிகைக் காற்றைத் திருப்பிவிடுவது) ரப்பர் சவ்வான டயாஃப்ரமையும் பாருங்கள். முப்பது வயது ரப்பர் அது. டைமிங் பெல்ட் மாற்றும்போது அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்பையும் மாற்றிவிடுவதே சிக்கனம்.

அடுத்த ஆண்டுக்கு வால்வோ 850 டி-5ஆர் எடுக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. அதிலும் ஐந்து சிலிண்டர் டர்போதான், ஆனால் முன்சக்கரம் மட்டுமே இழுக்கும். பொதுக்குழு ஒப்புதல் தரவேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

செயலாளர்