ஏழு வருட வேலையை அழிக்கச் சொல்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் நாளிதழின் வேலைவாய்ப்பு இணைப்பில் கால் பக்கத்துக்கு ஒரு விளம்பரம் பார்த்தேன். எந்த டிகிரி படித்திருந்தாலும் மூன்றே மாதத்தில் ஐடி வேலை, 100 சதவீதம் உத்தரவாதம் என்று போட்டிருந்தது. இதே மாதிரி ஒரு விளம்பரத்தை நம்பி 2019-ல் 48,000 ரூபாய் கட்டியவள் நான். இன்று கோவை சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக, அதாவது சாஃப்ட்வேரில் தப்பு இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பவளாக வேலை பார்க்கிறேன், ஆனால் அந்தப் பயிற்சி மையம் வாங்கிக் கொடுத்த வேலை இல்லை இது. அந்த விளம்பரத்தைக் கத்தரித்து வைத்திருக்கும் நாலு பேருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பி.காம். 2012-ல் படிப்பை முடித்த கையோடு ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். ஏழு வருடம் அங்கேதான். டேலியில் வரவு செலவு, மாதக் கடைசியில் ஸ்டாக் எடுப்பது, கூட்டம் அதிகமானால் பில் கவுண்டர் என்று எல்லா வேலையும் பார்த்தேன். 2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்தது, இரண்டு வாரத்தில் ஆடி பிறந்துவிட்டது, கடையில் தள்ளுபடிக் கூட்டம். ரெடிமேட் துணிக்கு அப்போது இருந்த விதி, ஒரு உருப்படி 1,000 ரூபாய் வரை விற்றால் 5 சதவீத வரி, அதைத் தாண்டினால் 12. வரி நீங்கலாக 1,100 ரூபாய் போட்ட சட்டையைப் பத்து சதவீதம் தள்ளிக் கொடுத்தால் 990-க்கு விற்கிறோம், அப்படியானால் வரி 5 தான். எங்கள் கடை சாஃப்ட்வேரோ தள்ளுபடிக்கு முந்தைய விலையைப் பார்த்து 12 போட்டுக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்கு நிற்கிறார், பின்னால் வரிசை வாசல் வரை.

அன்றைக்கு ராத்திரியே ஒரு நோட்டில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். பில் எண், உருப்படி, விலை, தள்ளுபடி, கம்ப்யூட்டர் போட்ட வரி, போட்டிருக்க வேண்டிய வரி. காலையில் சாஃப்ட்வேர்காரருக்கு போன் போட்டு வரிசையாக வாசிப்பேன். அவர், "மேடம், நீங்க இப்படிச் சொன்னாத்தான் எங்களுக்கு எங்கே தப்புன்னு புடிபடுது" என்பார். நான் எழுதியதற்கு பக் ரிப்போர்ட் (பிழை அறிக்கை) என்று பெயர் இருப்பதும், அதற்கென்றே ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதும் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, பயிற்சி மையத்துக்கு வருகிறேன். மூன்று மாதமும் ஸ்கிரீனில் ஓடுவதைப் பார்த்து அப்படியே டைப் அடித்தோம், ஏன் எதற்கு என்று கேட்டால் போகப்போகப் புரியும் என்றார்கள். கடைசி வாரம் ரெஸ்யூம் தயார் செய்யும் வகுப்பு. என்னுடையதைப் பார்த்தவர், "ஜவுளிக்கடையை எடுத்துடுங்க மேடம், அதைப் பார்த்தாலே தள்ளிடுவாங்க" என்றார். ஏழு வருடத்தை எடுத்துவிட்டால் அங்கே என்ன எழுதுவது? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். நான் கேள்வியேபடாத ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் டெவலப்பராக இருந்ததாக சர்ட்டிஃபிகேட், சம்பளச் சீட்டு எல்லாம் வரும், அதற்குத் தனியாகப் பணம். நான் மாட்டேன் என்று வந்துவிட்டேன். என்னோடு படித்த ஒரு தம்பி, வீட்டுக் கஷ்டம், ஒத்துக்கொண்டான். வேலையும் கிடைத்தது. நாலாவது மாதம் பிஎஃப் விவரத்தைச் சரிபார்த்தபோது அப்படி ஒரு கம்பெனி அவனுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை என்று தெரிந்து அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். யுஏஎன் என்கிற நம் பிஎஃப் அடையாள எண்ணைப் போட்டால் யார் யார் எந்த மாதம் பணம் கட்டினார்கள் என்று வந்துவிடும், இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் கெட்டிக்காரன், அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அடுத்து ஊரடங்கு. வீட்டில் உட்கார்ந்து நானே படித்தேன். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழிலேயே இருக்கிறது, காசு கிடையாது. சென்ட்ரல் கவர்மென்ட்டின் ஸ்வயம் தளத்திலும் பாடம் இலவசம், சர்ட்டிஃபிகேட் வேண்டும் என்றால் பரீட்சைக்கு மட்டும் கட்டணம். கம்ப்யூட்டரில் அட்டவணையாகச் சேர்த்து வைத்த தகவலைக் கேட்டு எடுக்கிற மொழியான எஸ்கியூஎல் படித்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒரு உருப்படியை அது வந்த கொள்முதல் பில்லோடு சேர்த்துப் பார்ப்பேன் இல்லையா, அதைத்தான் அங்கே ஜாயின் என்கிறார்கள். புடவை, வேட்டி, சப்ளையர் என்று எங்கள் கடைக் கணக்கையே டேபிளாகப் போட்டுப் பழகினேன். அந்தப் பயிற்சி மையத்தில் மண்டையில் ஏறாதது இரண்டு வாரத்தில் ஏறியது, ஏனென்றால் இந்த முறை எனக்குத் தெரிந்த சாமானை வைத்துப் படித்தேன்.

2021-ல் ரெஸ்யூமை மாற்றி எழுதினேன், ஜவுளிக்கடையை மேலே தூக்கி வைத்து. கடைகளுக்கும் குடோன்களுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிற சின்ன கம்பெனிகளாகத் தேடி அனுப்பினேன். ஒன்றில் கூப்பிட்டார்கள். ஒரு பில் ஸ்கிரீனைக் காட்டி, இதை எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேட்டார்கள். 999, 1,000, 1,001 என்று எழுதினேன், அப்புறம் 1,100 ரூபாய்க்குப் பத்து சதவீதத் தள்ளுபடி, அப்புறம் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், அப்புறம் வெளி மாநில வாடிக்கையாளர். எங்கே படித்தீர்கள் என்றார்கள். கடையில் என்றேன். கடையில் 19,000 வாங்கிக்கொண்டிருந்தவள் 16,500-க்குச் சேர்ந்தேன், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஒன்றரை வருடம் வீட்டில் இழுபறிதான்.

போன வருடம், 2025 செப்டம்பர் 22 முதல் துணிக்கு 5 சதவீத வரம்பு 2,500 ரூபாயாக உயர்ந்தது, அதற்கு மேல் 18. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸில் ராத்திரி முழுக்க இருந்தோம். புது விலைக்கெல்லாம் வரி சரியாக வந்தது. செப்டம்பர் 20-ம் தேதி 12 சதவீதத்தில் வாங்கிய துணியை 23-ம் தேதி திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுத்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். திரும்பி வருகிற துணிக்குப் பழைய வரியில் கழிக்க வேண்டும், புதுத் துணிக்குப் புது வரி போட வேண்டும். போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் புது வரியே வந்தது. விடியற்காலை நாலு மணிக்குச் சரிசெய்தார்கள். என்னைவிட நன்றாக புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள்தான் அங்கே எல்லோரும், ஆனால் மாற்றி எடுக்க வருகிறவர் முகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

இதனால்தான் சொல்கிறேன், பழைய வேலையை மறைக்காதீர்கள். நர்ஸாக இருந்தவருக்கு ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் இருக்கிறது, நோய், சிகிச்சை விவரத்தைக் குறியீடாக மாற்றுகிற மெடிக்கல் கோடிங் இருக்கிறது. லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தவருக்கு லாஜிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர், பள்ளிக்கூட ஆபீஸில் இருந்தவருக்கு ஃபீஸ் சாஃப்ட்வேர். தெரிந்த தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கிற கதவைத் தட்டுங்கள். அதோடு படிக்கவும் வேண்டும், அதில் தப்பிக்க வழியே இல்லை, கையால் சோதிப்பதை மட்டும் நம்பினால் இனி போதாது என்று நானும் இப்போது பைத்தான் என்ற புரோகிராம் மொழியும், சோதனையைக் கம்ப்யூட்டரே செய்கிற ஆட்டோமேஷனும் படித்துக்கொண்டிருக்கிறேன். 2025 ஜூலையில் டிசிஎஸ் மாதிரி ஒரு கம்பெனியே 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் மூன்று மாதத்தில் வேலை உறுதி என்று அச்சில் போடுவது எவ்வளவு பெரிய பொய் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மைய விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது, வேலை பற்றிப் பொய் உறுதி கொடுப்பதெல்லாம் அதில் தடை செய்யப்பட்டிருக்கிறது. விளம்பரம் வாங்கும்போது அதை நீங்கள் ஒருமுறை பார்க்கக் கூடாதா? ஏமாந்தவர்கள் 1915 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம் என்று அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடலாம். உங்கள் பேப்பரில் வந்திருக்கிறதே என்றுதான் என் அப்பா அன்றைக்குப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

போன வாரம் பவானியிலிருந்து தெரிந்த பெண் ஒருத்தி போன் பண்ணினாள். மருந்துக்கடையில் ஐந்து வருட வேலை, பி.ஏ. வரலாறு. "அக்கா, மெடிக்கல் ஷாப்பை எடுத்துடச் சொல்றாங்க, எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். நீ அங்கே என்ன பார்த்தாய் சொல் என்றேன். பேட்ச் எண் வாரியாக ஸ்டாக் வைப்பது, காலாவதி தேதி நெருங்குவதைத் தனியாகப் பிரித்து ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்புவது, அதற்கு வர வேண்டிய பணத்தைக் கணக்கு வைப்பது என்று அரை மணி நேரம் மூச்சு விடாமல் சொன்னாள். சொன்னதையெல்லாம் அப்படியே ரெஸ்யூமில் முதல் பத்தியாக எழுது என்று சொல்லியிருக்கிறேன். இந்த ஞாயிறு எழுதிக்கொண்டு வருகிறாள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கோவை.