முதலில் ஸ்விங்ஆர்ம் புஷ்ஷைப் பார்

காட்பாடி

அன்புள்ள குமரா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் ராணிப்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். வெயில் வழக்கம்போல.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். உன் ராஜ்தூத் 350-க்கு கேடிஎம் டியூக்கின் யுஎஸ்டி ஃபோர்க்கை (தலைகீழாக மாட்டிய முன்பக்க சஸ்பென்ஷன்) மாட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் குமரா. ஃபோர்க்கின் நீளம், டி-ஸ்டெம்மின் (ஃபோர்க்கை வண்டியோடு இணைக்கும் தண்டு) அளவு, வீல் சைஸ் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அந்த வண்டிக்கென்று செய்தவை. நம் வண்டியில் முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தாலே ஸ்டியரிங்கின் சாய்வும் ட்ரெயிலும் (ஸ்டியரிங் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறையும். அப்போது வண்டி சட்டென்று திரும்பும், ஆனால் பெங்களூர் ஹைவேயில் வேகம் ஏறும்போது ஹேண்டில் நடுங்கும். ஆர்சி பிரச்சினையும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அந்தப் பணத்தை வைத்து, இருக்கிற சேசிஸை முதலில் நேராக்கு. மெயின் ஸ்டாண்ட் போட்டு முன் வீலைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார். 'டக்' என்றால் கோன் செட்டில் (ஹேண்டில் திரும்பும் பேரிங்கில்) ஆட்டம் இருக்கிறது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் சிக்கினால் பால் ரேஸில் (குண்டுகள் உருளும் வளையத்தில்) பள்ளம் விழுந்துவிட்டது. பழைய குண்டுகளையே திரும்பப் போடாமல் டேப்பர் ரோலர் பேரிங் போட்டுவிடு. அப்புறம் பின் வீலைப் பக்கவாட்டில் தள்ளிப் பார். நம் ஆர்டி-யில் (ராஜ்தூத் 350 என்பது யமஹா ஆர்டி 350 தானே) வளைவில் பின்பக்கம் தனியாக அலைகிறது என்று எல்லோரும் ஷாக் அப்சார்பரைத்தான் திட்டுவார்கள், ஆனால் பெரும்பாலும் காரணம் தேய்ந்த ஸ்விங்ஆர்ம் புஷ்தான் (பின் வீலைத் தாங்கும் கை சேசிஸில் அசையும் இடத்தில் இருக்கும் வளையம்). என் வண்டியில் கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) புஷ் கடைந்து போட்டதும் அது வேறு வண்டியாகிவிட்டது. ஸ்டியரிங் கழுத்துக்குப் பின்னால் வெல்டிங் விரிசல் இருக்கிறதா என்று பெயின்டைச் சுரண்டியாவது பார்த்துவிடு. நூல் பிடித்து இரண்டு வீலும் ஒரே கோட்டில் வருகிறதா என்றும் பார்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்பிரிங். போன மாதம் மலையடிவாரப் பொன்னேரி வழியாக ஏலகிரி ஏறி இறங்கினேன். 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறும்போது சுகம். இறங்கும்போதுதான் சஸ்பென்ஷனின் குணம் தெரியும். நம் வண்டி மாதிரி டூ-ஸ்ட்ரோக்கில் என்ஜின் பிரேக்கிங் (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் என்ஜினே வேகத்தைக் குறைப்பது) ரொம்பக் குறைவு இல்லையா, அதனால் ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கைப் பிடித்தே ஆகவேண்டும். பிரேக் பிடித்தால் ஃபோர்க் அமுங்கும், அமுங்கினால் ட்ரெயில் குறையும். பழைய தளர்ந்த ஸ்பிரிங் என்றால், வளைவுக்குள் நுழையும்போதே ஃபோர்க் கடைசி வரை அமுங்கிக் கிடக்கும். அதில் ஒரு பள்ளம் வந்தால் அதை வாங்க மிச்சமே இருக்காது. ஸ்பிரிங்கை மாற்றி, நீ உட்கார்ந்ததும் ஃபோர்க் தன் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்குகிற மாதிரி ஸ்பேசர் (ஸ்பிரிங்கை அழுத்தும் குழாய்த் துண்டு) வை. ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை கட்டினால் எவ்வளவு இறங்கியது என்று அளந்துவிடலாம். ஆயிலை மட்டும் கெட்டியாக்கினால் போதும் என்று உன் மெக்கானிக் சொன்னதை ஏற்காதே. இந்த ஃபோர்க்கில் ஆயில் வெறும் துளைகள் வழியாகத்தான் போகிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் சின்னக் குழியிலும் கை வலிக்கும், ஸ்பிரிங்கின் பலமோ அப்படியேதான் இருக்கும். பணம் மிஞ்சினால் ஃபோர்க்குக்குள் வைக்கும் கார்ட்ரிட்ஜ் எமுலேட்டர் போடு. அதிலிருக்கும் வால்வு பெரிய குழியில் திறந்து ஆயிலை விட்டுவிடும்.

பின் ஷாக்கை கடைசியாக வாங்கு. நீளம் பழையதைப் போலவே இருக்கட்டும், உன் எடையைச் சொல்லி ஸ்பிரிங் கேள்.

1983-ல் வந்த வண்டி என்று உன் மகன் அதைக் குறைத்துப் பேசினால் வருத்தப்படாதே. அந்த 347 சிசி என்ஜினுக்குக் கொஞ்சம் நேரான சேசிஸ் கிடைத்தால் இன்றைக்கும் அதை ஓட்டுவதில் இருக்கிற சந்தோஷம் எனக்கு வேறெதிலும் இல்லை.

ஸ்விங்ஆர்மைக் கழற்றியதும் பைப்பின் உள்விட்டத்தையும் அதற்குள் போகும் அச்சாணியின் விட்டத்தையும் வெர்னியரில் அளந்து எழுது. இங்கே லேத்தில் கொடுத்து, புஷ் கடைந்து பார்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரவி