சிள்வண்டுக்கு மருந்தடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி–பதில் பகுதியில், வீட்டுத் தோட்டத்தில் சிள்வண்டு (மரத்தில் இருந்து விடாமல் கத்தும் பூச்சி) தொல்லை என்று எழுதியிருந்த வாசகிக்கு, மரத்தடியில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்துக் கரைசலை ஊற்றவும், மேலே இமிடாகுளோபிரிட் என்ற இன்னொரு மருந்தைத் தெளிக்கவும் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம் என்று சொல்லவே இக்கடிதம். அவர் நான்கு அடையாளங்களைச் சொல்லியிருந்தார்: வேப்பமரத்தில் ஒட்டியிருக்கும் கூடுகள், மரத்தடியில் துளைகள், தென்னைக்குக் கீழே உள்ள செடிகளில் பிசுபிசுப்பும் கருப்புப் படலமும், மாங்கன்றில் காயும் நுனிகள். முதல் இரண்டும் சிள்வண்டுடையவைதான். அவற்றால் செடிக்குக் கேடு இல்லை. மூன்றாவதில் சிள்வண்டுக்குப் பங்கே இல்லை. நான்காவதை வெட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கூட்டிலிருந்து தொடங்குகிறேன். அது மண்ணுக்குள் வளர்ந்த இளம்பூச்சி கழற்றிப் போட்ட தோல். கோடை மழை பெய்து மண் இளகியதும், பொழுது சாயும் நேரத்தில் இளம்பூச்சி வெளியே வந்து மரத்திலோ சுவரிலோ ஏறிப் பிடித்துக்கொள்ளும். முதுகு நடுவில் பிளந்து, சிறகுள்ள வண்டு வெளிவந்து, விடிவதற்குள் சிறகு உலர்ந்து பறந்துவிடும். கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் பிளவுக்குள் வெள்ளை நூல் போலச் சில இழைகள் தொங்கும். புழு என்றும் பூஞ்சை என்றும் பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். அவை பூச்சியின் மூச்சுக்குழாய்களின் உள்தோல். உடல் தோலோடு சேர்ந்து கழன்று வந்தவை. கூட்டை உதிர்த்து எருக்குழியில் போடலாம், அப்படியே விட்டாலும் ஒன்றுமில்லை.

துளை விரல் நுழையும் அளவில், வட்டமாக, ஓரம் சுத்தமாக இருக்கும். பக்கத்தில் தோண்டிய மண் குவிந்திருக்காது. மண் குவிந்திருந்தால் எலியோ எறும்போ இருக்கும். மேல்மண் கோடு கோடாகப் புடைத்திருந்தால் பிள்ளைப்பூச்சி. சிள்வண்டுத் துளை என்பது பூச்சி வெளியேறிவிட்டதற்கு அடையாளம். காலியான துளையில் மருந்தை ஊற்றினால் சாவது மண்புழுதான். பக்கத்துப் பாத்தியில் கீரை இருந்தால் அந்த நஞ்சு சாப்பாட்டுக்கும் வந்துவிடும்.

பாத்தி கொத்தும்போது இளம்பூச்சி கிடைத்தால் வேர்ப்புழு என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். வேர்ப்புழு வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். வேரைக் கடித்துத் தின்னும். அதைப் பொறுக்கி அழிக்க வேண்டியதுதான். சிள்வண்டின் இளம்பூச்சி முதுகு வளைந்து, முன்னங்கால்கள் இரண்டும் இடுக்கி போலத் தடித்து இருக்கும். அதை எடுத்த இடத்திலேயே விட்டு மண்ணை மூடிவிடலாம்.

சிள்வண்டுக்குக் கடிக்கும் வாய் கிடையாது. அசுவினிக்கும் தத்துப்பூச்சிக்கும் உறவுக்காரப் பூச்சி அது. ஊசி போன்ற குழாயை இறக்கி உறிஞ்சும். ஆகவே இலையில் ஓட்டை, பூவில் கடி, காயில் துளை என்று எதைக் கண்டாலும் அது சிள்வண்டின் வேலை அல்ல. அசுவினி உறிஞ்சுவது இலையில் தயாராகி இறங்கும் சர்க்கரைச் சாற்றை. சிள்வண்டு உறிஞ்சுவது வேரிலிருந்து ஏறும் நீரை. அதில் சத்து மிகக் குறைவு. நிறையக் குடித்து நிறைய வெளியேற்றினால்தான் பூச்சிக்குக் கட்டுப்படியாகும். சத்தம் அதிகமுள்ள மரத்தடியில் வெயில் வேளையில் தூறல் போல விழுவது அந்த நீர்தான். அது ஒட்டாது, எறும்பு தேடி வராது, இலை கறுக்காது.

வாசகியின் மூன்றாவது அடையாளத்தை இங்கேதான் பொருத்திப் பார்க்க வேண்டும். பிசுபிசுப்பும் அதன்மேல் கரும்பூசணமும் இருந்தால் மேலே சர்க்கரைச் சாற்றை உறிஞ்சும் வேறொரு பூச்சி இருக்கிறது. தென்னை என்பதால் முதல் சந்தேகம் சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது முதல் தமிழகம் முழுக்கப் பரவிவிட்டது. கீழ் மட்டையைத் தாழ்த்தி இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சுருள் சுருளாக வெள்ளை மெழுகுத் தூள் இருந்தால் உறுதி. அடிப்பக்கத்தில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையை ஆறடி உயரத்தில் கட்ட வேண்டும். கறுத்த இலைகளுக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டித் தெளித்தால் காய்ந்து உரியும்போது பூசணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும். வெயில் நாளில் தெளித்தால்தான் பலன். இந்த ஈயைத் தின்று தீர்க்கும் என்கார்சியா என்ற சிறு குளவி (ஒட்டுண்ணி) நம் தோப்புகளில் இருக்கிறது. பூச்சிமருந்து அடித்தால் முதலில் ஒழிவது அதுதான். வெள்ளை ஈ முன்னிலும் பெருகித் திரும்பும்.

மாங்கன்றுக்கு வருகிறேன். காய்ந்த நுனியை வெட்டி நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே சுரங்கமும் புழுவும் எச்சமும் இருந்தால் தண்டுத்துளைப்பான். புழு இருக்கும் இடத்துக்குக் கீழே வெட்டி எரிக்க வேண்டும். புழு இல்லாமல் உள்கட்டை பழுப்பாகக் கீழ்நோக்கி இறங்கினால் நுனிக்கருகல் நோய். பச்சைக் கட்டை தெரியும்வரை வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவ வேண்டும். வெட்டிய கத்தரியைத் துடைக்காமல் அடுத்த கிளையில் வைத்தால் நோய் அங்கும் போகும். இவை இரண்டும் இல்லாமல், பென்சில் தடிமனுள்ள குச்சியின் வெளிப்பட்டையில் வரிசையாகக் கீறல்கள், அவற்றுக்குள் நுண்ணிய வெள்ளை முட்டைகள் என்று இருந்தால் மட்டும் சிள்வண்டைச் சந்தேகிக்கலாம். பெண் வண்டு முட்டையிடக் குச்சியைக் கீறும். வளர்ந்த மரத்துக்கு அது கணக்கே இல்லை, சிறு கவாத்து செய்ததற்குச் சமம். ஓரிரண்டு வயதுக் கன்றுக்கு மட்டும் கவனம் தேவை. கீறலுக்குக் கீழே உள்ள கணுவில் வெட்டிவிடுங்கள். சத்தம் தொடங்கியதும் கொசுவலைத் துணியால் கன்றை மூடி, அடித்தண்டோடு சேர்த்துக் கட்டுங்கள். கீழே கட்டாவிட்டால் வண்டு தண்டு வழியாக ஏறிவிடும். சத்தம் ஓய்ந்ததும் வலையை எடுத்துவிட வேண்டும். பூக்கும் செடியை மூடினால் தேனீ நுழையாது, காய் பிடிக்காது.

இணையத்தில் சுற்றும் சிள்வண்டுப் பயம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவது. அங்கே கிழக்கு மாநிலங்களில் 13 ஆண்டுக்கும் 17 ஆண்டுக்கும் ஒருமுறை மொத்தமாக வெளிவரும் இனங்கள் உண்டு. ஏக்கருக்கு 15 லட்சம் வரைகூட வரும். 2024இல் இரண்டு பெரும் கூட்டங்கள் ஒரே கோடையில் வந்தன. 1803க்குப் பிறகு அவை சேர்ந்து வந்தது அப்போதுதான். அந்த ஆண்டுகளில் இளம் ஆப்பிள், ஓக் கன்றுகளின் குச்சிகள் காய்ந்து தொங்கும். அங்கும் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லப்படுவது 1 செ.மீ.க்கும் சிறிய கண்ணுள்ள வலை, மருந்து அல்ல. அடித்தாலும் பக்கத்து மரத்திலிருந்து புதியவை வந்துகொண்டே இருக்கும். காய்கறிச் செடிகளுக்கு அங்கேகூட ஆபத்தில்லை. நம் நாட்டிலும் மேகாலயாவின் ரி போய் மாவட்டத்தில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாக வரும் இனம் ஒன்று உண்டு; அங்கே அதைப் பிடித்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். தமிழகத்து வீட்டுத் தோட்டங்களில் வருபவை அப்படிப் படையெடுப்பவை அல்ல.

இரவில் தரையிலிருந்து கேட்கும் சத்தம் பெரும்பாலும் சுவர்க்கோழியுடையது; காலையில் நாற்று அடியோடு துண்டாகிக் கிடந்தால், வெட்டியது சுவர்க்கோழியோ சத்தமே போடாத வெட்டுப்புழுவோ ஆகும். அடியை வெட்டிய காகிதக் குவளையை நாற்றைச் சுற்றி இரண்டு அங்குலம் மண்ணில் புதைத்தால் போதும்.

சத்தத்தைக் குறைக்க மருந்து இல்லை. கத்துவது ஆண் மட்டும். வெளிவந்த வண்டு சில வாரங்களே வாழும். மாலையில் வெளிவிளக்கை அணைத்துவைத்தால் வீட்டுப் பக்கம் வருவது குறையும். கரிச்சானும் செம்போத்தும் ஓணானும் இந்த வாரங்களில் வண்டையும் பிடித்துத் தின்னும். மருந்து பட்ட வண்டு அவற்றின் வயிற்றுக்குள்ளும் போகும்.

கோடை மழை தொடங்கும் நேரம் இது. அந்தப் பதிலைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தென்காசி