பேஸ் கிட்டாரை மாற்றலாமா என்று கேட்ட மகளுக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வாசித்த பிரிசிஷன் பேஸ் கிட்டாரைக் கொடுத்துவிட்டு அந்தப் பையனின் ஜாஸ் பேஸை, அந்த இன்னொரு வகையை, வாங்கிக்கொள்ளட்டுமா என்றாய். பிரிசிஷன் உன்னுடையது, பாப்பா. நீ பெங்களூருக்கு ரயில் ஏறிய அன்றே உனக்குக் கொடுத்துவிட்டேன். அப்பா வாசித்தது என்பதற்காக அதைச் சுமக்க வேண்டாம்.

ஆனால் இடது கை வலிக்கிறது என்றாயே, அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. எங்கே வலிக்கிறது? இரண்டு பேஸிலும் தந்தியின் நீளம் ஒன்றுதான், 34 அங்குலம். கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், முதலாவதிலிருந்து நாலாவதுக்கு விரல் போகிற தூரம் ஒரு நூல்கூடக் குறையாது. குறைவது நட் பக்கத்து, அதாவது கழுத்தின் மேல்முனையில் தந்திகள் உட்காரும் பட்டைப் பக்கத்து, அகலம்தான். ஜாஸில் 38 மில்லிமீட்டர், நம்முடையதில் அதைவிடச் சில மில்லிமீட்டர் கூட. சுண்டுவிரல் நீட்டும்போது இழுக்கிறது என்றால் மாற்றியும் பிரயோசனம் இல்லை. கட்டைவிரலின் அடியில், கழுத்தைப் பிடித்துப் பிடித்து வலி என்றால் ஜாஸ் உன் சின்னக் கைக்குச் சுகமாக இருக்கும். அதோடு, நீங்கள் எடுத்து வாசிக்கும் எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு பாட்டே பாடும். அந்த ஓட்டமெல்லாம் ஜாஸின் பின்பக்கப் பிக்அப்பில், அதாவது தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருளில், பளிச்சென்று கேட்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு குறை உண்டு. ஜாஸில் ஒரு பிக்அப்பைக் குறைத்தால் கொர்ரென்று இரைச்சல் வரும், இரண்டையும் முழுசாகத் திறந்தால் அடங்கும். நம்முடையதில் ஒரே பிக்அப் இரண்டு துண்டாக இருப்பதால், ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். 1957லிருந்தே அப்படித்தான் செய்கிறார்கள். வைகாசித் திருவிழாவில் சீரியல் பல்புக்கு நடுவே மேடை போட்டாலும் எனக்கு அது சுத்தமாகப் பேசியது.

தானே புயல் ஞாபகம் இருக்கிறதா? 2011 டிசம்பர் 30. விடிகாலையில் ஓடு பறக்கப் பறக்க, நம் பேஸைப் பீரோவுக்குள் அம்மாவின் புடவைகளுக்கு நடுவே நிறுத்தினேன். நீ டார்ச் பிடித்தாய். தண்ணீர் படவில்லை, ஆனாலும் ஈரக்காற்றில் கழுத்து வளைந்துவிட்டது. கழுத்துக்குள் ஓடும் இரும்பு ராடை ஆலன் சாவியால் கால் சுற்று, அப்புறம் ஒரு ராத்திரி காத்திருப்பு, மறுநாள் இன்னொரு கால் சுற்று. நீதான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாய். மூன்றாம் நாள் நேரானது.

அதே கண்ணோடு அந்த ஜாஸையும் பார். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்தி, நடுவில் தந்திக்கடியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பார்த்துக்கொள். கார்டு போன பிறகும் நிறைய இடைவெளி தெரிந்தால், ராட் இன்னும் திரும்புகிறதா என்று கேள். திரும்பவில்லை என்றால் வேண்டாம், மேலே காசு கொடுத்தாலும் வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு வாரம் மாற்றி வைத்து வாசித்துப் பார்க்கலாமா என்று அவனிடம் கேள். உட்கார்ந்து மட்டும் வாசித்துப் பார்க்காதே. ஸ்ட்ராப் மாட்டி, ஒரு கச்சேரி நேரம் முழுக்க நின்று வாசி.

விரல் மரத்துப்போகிறது என்றால் இதெல்லாம் அப்புறம். முதலில் டாக்டரிடம் போ.

அம்மா பண்ருட்டிப் பலாச்சுளை கொடுத்தனுப்புகிறாள். ஞாயிறு வரை பேஸைத் தொடாதே. எந்த விரல் என்று எழுது.

அன்புடன்,
அப்பா